ஆவுடைச்சி அடுப்பு

ரொம்ப ரொம்ப முந்தி, செம்மணல் மேடு மேடாக் கிடக்குற தேரிக்கு அந்தப் பக்கம் முள்ளிவிளைன்னு ஒரு ஊரு. எண்ணி இருபது வீடு, எல்லாம் பனையேறிக் குடும்பம். அங்க ஆவுடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். கல்யாணமாகி ஒரு வருசங்கூட ஆகல. புருசன் பலவேசம் பனையில இருந்து விழுந்து, தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு.

எலும்பு கட்டுற வைத்தியர் வந்தாராம். பிரண்டையை அரைச்சுக் காய்ச்சிப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வச்சுக் கட்டினாராம். உள்ளுக்கும் பிரண்டை குடு, ஆனா கொழுந்தாப் பார்த்து, நல்லா வதக்கி, புளி சேர்த்துத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாராம்.

ஆவுடைச்சிக்கு அவசரம். வதக்கினா சத்துப் போயிரும், பச்சையாக் குடுத்தா எலும்பு சீக்கிரம் கூடும்னு நெனச்சா. வேலியில முத்தின பிரண்டையாப் பிடுங்கி, இடிச்சுப் பிழிஞ்சு, ஒரு செம்பு சாறு குடுத்தா. பொண்டாட்டி கைய நம்பி அவன் மடமடன்னு குடிச்சான். தொண்டை அரிச்சுது, வீங்குச்சு, மூச்சு அடைச்சுது. பொழுது சாயுமுன்ன போயிட்டான்.

ஊர்ல யாரும் அவளை ஒரு வார்த்தை ஏசலையாம். ஆனா அவ கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்கல. விசேச வீட்டுல காய் நறுக்கப் போனா, அருவாமனையை எடுத்து உள்ள வச்சிருவாங்களாம். மாமியா வள்ளிநாச்சி, இவ எதுக்க வந்தா, வேற பாதையில திரும்பிருவா. ஒத்தையா ஒலை வச்சு, ஒத்தையா வடிச்சு, ஒத்தையாத் தின்னு, பன்னெண்டு வருசம் போச்சாம்.

அப்புறம் மழை இல்லாமப் போச்சு. தின்ன ஒண்ணுமில்ல. வேலியில பிரண்டை மட்டும் பச்சையா நின்னுது. சனங்க அதைப் பிடுங்கி, உப்புப் போட்டு அவிச்சுத் தின்னாங்க. பிள்ளைகளுக்கு வாய் வெந்து, நாக்கு தடிச்சுது.

ஆவுடைச்சி பார்த்தா. நம்ம சொன்னா யாரு கேப்பா? கிணத்தடியில, எல்லாரும் பார்க்க, மூணு கல்லக் கூட்டினா. கையில எண்ணெயத் தடவி, கொழுந்தா ஒடிச்சு, நார உரிச்சா. மிச்சமிருந்த நல்லெண்ணெயில கொஞ்சம் விட்டு, நிறம் மாறுற வரைக்கும் வதக்கி, புளி வச்சு அரைச்சா. மொத உருண்டைய அவளே தின்னா. தின்னுட்டு, தொண்டையைத் தொட்டுக்கிட்டு அங்கனயே உக்காந்திருந்தா. யாரும் வரல.

மறுநாளும் ஆக்கினா, மறுநாளும் தின்னா, மறுநாளும் உக்காந்திருந்தா. யாரும் வரல.

மூணாம் நாள் வள்ளிநாச்சி வந்தாளாம். மருமக பக்கத்துல உக்காந்தாளாம். பெறகு கேட்டா:

"எம்புள்ளைக்கு ஏன் இப்படிச் செஞ்சு குடுக்கல?"

"அவுக சீக்கிரம் எந்திரிச்சு நடக்கணும்னு நெனச்சேன், அத்தை."

வள்ளிநாச்சி கைய நீட்டினாளாம். "போடு."

அதைப் பார்த்துட்டுத்தான் ஊரு வந்துச்சு. பிள்ளைக பிழைச்சுது. ஆனா மழை பேஞ்சதும், பக்குவம் தெரிஞ்சவங்க அவங்கவங்க வீட்டுல ஆக்கிக்கிட்டாங்க. ஆவுடைச்சி வீட்டுக்குச் சாப்பிட வந்தது வள்ளிநாச்சி மட்டுந்தானாம். அவளும் கண்ண மூடின பெறகு, பழையபடி ஒத்தை ஒலைதான்.

கிணத்தடியில அந்த மூணு கல்லு இன்னும் கிடக்கு. ஆவுடைச்சி அடுப்புன்னு பேரு. முள்ளிவிளையில பிரண்டைத் தொவையல் அரைச்சா, ஆக்கினவதான் மொத வாய் திங்கணும். ஒரு வெத்தல போடுற நேரம் காத்திருக்கணும். அதுவரைக்கும் அவளைத் தனியா விடக்கூடாதாம். வீட்டுல யாராவது ஒருத்தர் போயி, அவ பக்கத்துல உக்காந்துக்கணும்.