துரை அடுப்பு

ஆரணி வெயிலில் குளிர்காய அடுப்பு கட்டிய வெள்ளைக்காரனை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், சார். கூடத்துச் சுவரில் ஆளுயரக் கருங்கல் வளைவு, கூரைக்கு மேலே புகைக்கூண்டு. தாத்தா அந்தப் பழைய பங்களாவை வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் துரை அடுப்பு.

வீடு எனக்கும் தம்பி மணவாளனுக்கும் பொது. அந்தக் கூடத்தைப் பட்டுக்கடையாக்க வேண்டும் என்பது என் ஆசை. கல்யாணப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் அந்த வளைவின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஆனால் கூடத்தின் நடுவில் தம்பியின் தறி இருந்தது. எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன்.

"தறிய எடுத்துகினு எங்கண்ணா போவேன்? மழக்காலத்துல இங்கதான நெய்ய முடியுது" என்பான்.

அது நிஜம்தான். மழையில் தறியில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு நூல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும். அதனால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, துரை அடுப்பில் கங்கு போட்டுக்கொண்டு நெய்வான். விறகு வைக்கமாட்டான், புகை பட்டால் ஜரிகை மங்கிவிடும். கரியை வெளியே பற்றவைத்து, புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுவருவான். அவ்வளவு சுத்தம். அவனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

மழைக்கு முன்னால் அவன் மாமனார் வீட்டு விசேஷத்துக்குத் தெள்ளார் போனான். அப்போதுதான் அடுப்பைப் புதுப்பித்தேன். கல்லில் ஏறியிருந்த கரியைச் சுரண்டி, இடுக்குகளைப் பூசி, வளைவின் மேல் மஞ்சள் விளக்கு வைத்தோம். கூண்டில் ஆந்தை அடைகிறது, மேல்வாயைக் கடப்பைக் கல்லால் மூடிவிடுங்கள் என்றேன். கொத்தனார் ஜெயச்சந்திரன் தயங்கினார்.

"மூடிட்டா அனல் எப்டி மேல போவும்? உங்க தம்பி கங்கு போடுவாரே."

"இனிமே போடமாட்டான். பேசிட்டேன்."

நான் பேசவில்லை. பேசியிருந்தால் வீண் பேஜார். ஜெயச்சந்திரனை நீங்கள் தனியாக விசாரித்திருப்பீர்கள், அதனால் மறைக்கவில்லை. புகையில்லாத கங்கும் ஆளைக் கொல்லும் என்று தெரியுமா என்றால், தெரியும். மலைக்குப் போனவர்கள் அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்கிய செய்திகளைப் பேப்பரில் படித்திருக்கிறேன்.

தம்பி திரும்பி வந்து அடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தான். "சூப்பரா கீதுண்ணா. எனக்காவவா பண்ண?" என்றான். எனக்கு அவன்மேல் பாசமாகக்கூட இருந்தது.

முதல் பெருமழை அன்று காலையில் அவன் மனைவி பரிமளாவை, செய்யாரில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நானே கொண்டுபோய் விட்டேன். எப்போதும் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புடவையில் கரை சேர்க்கும் கோர்வைக்குக் கை கொடுப்பவள் அவள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. எதிர்வீட்டுச் சந்திரமோகன் அன்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பார்.

மத்தியானம் கூடத்துக் கதவைத் திறந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தம்பி தறிக்குழியில் கால் தொங்க, பாவின்மேல் சாய்ந்து கிடந்தான். உயிர் இருந்தது.

"ண்ணா, தல சுத்துது. வெளிய இட்னு போ" என்று கையை நீட்டினான்.

கங்கு சிவப்பாக இருந்தது. வளைவில் ஒரு பொட்டுக் கரி இல்லை. என் முதுகுக்குப் பின்னால் சாரல் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தறியில் இருந்தது பாதி முடிந்த முகூர்த்தப் புடவை, சார். பாவில் ஈரம் பட்டால் தம்பி தாங்கமாட்டான். அதனால்தான் கதவை மறுபடியும் சாத்தினேன்.