பதினோரு சுத்து

கணவன்: ஆடாம பிடி. நீ ஆட்டினா திருகு எப்படி ஏறும்?

மனைவி: நான் ஆட்டலை. பத்து கிலோ கேமரா, கனக்குது. எத்தனை சுத்து ஆச்சு?

கணவன்: எண்ணிட்டா இருக்காங்க... ஏறிட்டிருக்கு.

மனைவி: நான் எண்ணுவேன்.

கணவன்: நீ எண்ணுவே. பதினஞ்சு வருஷமா அடியில உக்காந்து திருகினவ. எனக்கு மேலே நின்னு கேமராவைப் பிடிச்சுதான் பழக்கம். இன்னிக்கு என்னை ஸ்டாண்டுக்குக் கீழே மண்டி போட வச்சுட்டே.

மனைவி: நான் எங்கே வச்சேன்? வீட்டுல இருங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன்.

கணவன்: மூணு தடவை. வாசல்லேர்ந்து மாடி வரைக்கும் பெட்டியைத் தொடவும் விடலை. பெரிய போட்டோகிராபர் அம்மா... சரி, பிடிச்சிருச்சு. விடு.

மனைவி: விடலாமா?

கணவன்: விடுன்னா விடேன்.

மனைவி: ...விட்டுட்டேன்.

நூலகர்: வாங்கம்மா, மாடியில இடம் சரியா இருக்கா? அடடா, சார் ஏன் தரையில உக்காந்திருக்கார்? எழுந்திருங்க சார். மெதுவா. நாற்காலி கொண்டுவரச் சொல்றேன்.

கணவன்: நாற்காலி எதுக்குங்க?

நூலகர்: சும்மா சாய்ஞ்சு உக்காருங்க. முதுகை நிமிர்த்தி.

கணவன்: என் முதுகுக்கு என்ன?

மனைவி: ஏங்க, கேமராவுக்குப் பின்னாடி தலையில போத்திக்கற கறுப்புத் துணி வண்டியிலேயே கிடக்கு. போய் எடுத்துட்டு வாங்களேன்.

நூலகர்: படி ஏறி இறங்கணுமேம்மா. நான் வேணா ஆள் அனுப்பறேன்.

கணவன்: எனக்கென்ன எண்பது வயசா? நானே போறேன்.

நூலகர்: பாத்து சார், பாத்து... நல்ல மனுஷன். உங்களைத் தனியா விட மனசு இல்லாம வந்திருக்கார்.

மனைவி: ஆமாங்க. நீங்க கீழே போய் வாசிக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். நான் கை காட்டினதும் எட்டு செகண்டு யாரும் அசையக் கூடாது. பக்கம் கூடத் திருப்பக் கூடாது.

நூலகர்: எட்டு செகண்டுதானே. சொல்லிடறேன்.

மனைவி: மெதுவாவே வாங்க. எனக்கு இங்கே ஒரு சின்ன வேலை இருக்கு.

கணவன்: இந்தா உன் துணி. யாரையும் காணோம்?

மனைவி: கீழே போயிருக்காங்க. மூச்சு வாங்குது பாருங்க, உக்காருங்க.

கணவன்: நீயும் ஆரம்பிச்சுட்டியா? அந்த அம்மா ஏன் என்னைக் கிழவனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க?

மனைவி: மரியாதைதான்.

கணவன்: மரியாதை யாருக்கு வேணும். எனக்குப் படம் வேணும்... நேராவே கேக்கறேன். நூறு வருஷத்து நூலகம், புத்தகம் போடறாங்க, அட்டைப்படம் இந்தப் பெரிய கேமராவுல எடுத்ததா இருக்கணும்கறாங்க. இந்தக் கேமராவுக்கு ஊருல என்னைத்தானே தெரியும்? போன் பண்ணி உன் பேரை ஏன் கேட்டாங்க?

மனைவி: எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

கணவன்: ஆச்சரியமாம். அட்டையில உன் பேரு வரும். நான் அதை அலமாரியில வச்சு, வர்றவங்களுக்கெல்லாம் காட்டணும். வயிறு எரியுதுடி.

மனைவி: எனக்குப் பதினஞ்சு வருஷமா எரிஞ்சுது. யாரும் வந்து அணைக்கலை.

கணவன்: உனக்கா? உனக்கு எதுக்கு?

மனைவி: நாலு நீதிபதிங்க படம், பள்ளிக்கூடத்து அறுநூறு பிள்ளைங்க படம், மில்லு திறந்த அன்னிக்கு எடுத்தது... வெளிச்சம் பாத்தது யாரு? இருட்டு ரூமுல நின்னு கழுவினது யாரு? கீழே மட்டும் உங்க கையெழுத்து. அதுவும் சுழிச்சு சுழிச்சு.

கணவன்: நீ ஒரு நாளும் சொன்னதில்லையே.

மனைவி: நீங்க ஒரு நாளும் பேனாவை நீட்டினதில்லை... விடுங்க. வெளிச்சம் கீழே மேஜை மேலே வந்துருச்சு, பத்து நிமிஷத்துல போயிடும். கேமராவை முன்னாடி சாய்க்கணும்.

கணவன்: சாய்க்கவா? நேரா எடுக்கறதாத்தானே பேச்சு?

மனைவி: மாடிக் கைப்பிடிக்கு மேலேர்ந்து கீழே எட்டிப் பாத்தா எப்படித் தெரியுமோ அப்படி வேணும். மேஜைங்க, குனிஞ்ச தலைங்க, விரிச்ச புத்தகம்.

கணவன்: வேணாம்மா. நேராவே நல்லா இருக்கு.

மனைவி: யாரோட படம் இது?

கணவன்: உன்னோடதுதான், யாரு இல்லேன்னா? ஒரு தடவை கேமரா பின்னாடி இருக்கற கண்ணாடியில பாரு, நேரா எடுத்தாலே எவ்வளவு அழகா...

மனைவி: கண்ணாடியில தலைகீழாத் தெரியுது. இன்னிக்கு உங்க பேச்சு மாதிரி.

கணவன்: கொஞ்சம் நகரு, நான் ஒரு தடவை கீழே சரி பாத்துக்கறேன்.

மனைவி: எதைச் சரி பாக்கணும்? நீங்கதானே பிடிச்சிருச்சுன்னீங்க.

கணவன்: பிடிச்சிருச்சு... இருந்தாலும்.

மனைவி: எதுக்குக் கேமராவைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறீங்க?

கணவன்: பழக்கம்.

மனைவி: கையை எடுங்க, சாய்க்கறேன்.

கணவன்: சாய்க்காதே.

மனைவி: கொஞ்சந்தான்.

கணவன்: சாய்க்காதேன்னு சொல்றேன். கீழே ஆளுங்க உக்காந்திருக்காங்க.

மனைவி: உக்காந்திருந்தா என்ன?

கணவன்: விழுந்துரும்.

மனைவி: ஏன் விழும்?

கணவன்: முழுசா முறுக்கலை.

மனைவி: மறந்துட்டீங்களா?

கணவன்: ...இல்லை. தெரிஞ்சேதான் நிறுத்தினேன். நீ நேரா எடுப்பே, லேசா ஆடும், அந்த அம்மா முன்னாடி ‘ஏங்க, இது ஆடுது, வந்து பாருங்க’ன்னு என்னைக் கூப்பிடுவேன்னு நினைச்சேன். நான் வந்து ஒரு திருகு திருகிட்டு ‘இதெல்லாம் அனுபவம்’னு சொல்லலாம்னு... அவ்வளவுதான். நீ சாய்ப்பேன்னு நினைக்கவே இல்லை.

மனைவி: ஒன்பது சுத்து.

கணவன்: என்ன?

மனைவி: ஒன்பதுல நிறுத்தினீங்க. அந்தத் திருகுல மரை தேஞ்சு போயிருக்கு. கடைசி ரெண்டு சுத்துதான் பிடிக்கும். மொத்தம் பதினொண்ணு. ஒவ்வொரு சுத்துக்கும் மேலே பிடிச்சிருக்கற கையில ஒரு நெருடல் வரும். உங்களுக்குத் தெரியாதா?

கணவன்: நான் எங்கே எண்ணினேன்? நீ விடுங்கன்னா விட்டுருவேன். பதினஞ்சு வருஷமா அப்படித்தான்.

மனைவி: ...அப்படிச் சொல்லாதீங்க.

கணவன்: நிஜம்தான். தள்ளு, முதல்ல அந்த ரெண்டு சுத்தையும் முறுக்கறேன்.

மனைவி: வேணாம். நீங்க துணி எடுக்கப் போனப்பவே முறுக்கிட்டேன்.

கணவன்: அப்பவேவா? அப்ப இவ்வளவு நேரம் சாய்க்கறேன் சாய்க்கறேன்னு என் உயிரை வாங்கினது?

மனைவி: நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.

கணவன்: சொல்லாம இருந்திருந்தா?

மனைவி: படத்தை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அதுக்கப்புறம் நீங்க எதைத் தொட்டாலும் நான் எண்ணிட்டே இருந்திருப்பேன்.

கணவன்: தப்புத்தான். திட்டு. ரெண்டு போடு வேணும்னா.

மனைவி: நூலகத்துல சத்தம் போடக் கூடாது.

கணவன்: வீட்டுக்குப் போய்த் திட்டு.

மனைவி: உங்களைத் திட்டற யோக்கியதை எனக்கு இல்லைங்க.

கணவன்: இது என்ன புதுசா?

மனைவி: முதல்ல கேமராலேர்ந்து கையை எடுங்க.

கணவன்: அதான் நல்லா நிக்குதே, என் கை இருந்தா என்ன?

மனைவி: எடுங்க. ரெண்டு அடி தள்ளி நில்லுங்க, சாய்ச்சு வச்சுடறேன்... ஆச்சு. அந்த நாற்காலியையும் பிடிச்சுக்கோங்க.

கணவன்: பயமுறுத்தாதேம்மா. என்ன விஷயம்?

நூலகர்: அம்மா, கீழே எல்லாரும் தயார். நீங்க கை காட்டினாப் போதும். என்ன சார், இன்னும் நின்னுட்டே இருக்கீங்க? முதுகுல ஆபரேஷன் பண்ணின உடம்பு, கொஞ்சம் உக்காரக் கூடாதா?

கணவன்: ஆபரேஷனா? யாருக்கு?

நூலகர்: உங்களுக்குத்தான் சார். அம்மா போன்லயே சொன்னாங்களே... சரி, நான் கீழே நிக்கறேன்.

கணவன்: என்ன சொல்லிட்டுப் போறாங்க இவங்க? எனக்கு எப்போ ஆபரேஷன் ஆச்சு?

மனைவி: ஆகலை. போன்ல அவங்க கேட்டது உங்களைத்தான். ஆறு மாசம் நீங்க கேமரா பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், வேணும்னா நான் வந்து எடுத்துத் தரேன்னு சொன்னது நான்... கை காட்டிட்டேன். ஷட்டரைத் திறக்கப் போறேன், இது மரத்தரை, அதிரும். எட்டு செகண்டு அசையாம நில்லுங்க. அப்புறம் என்ன வேணா கேளுங்க.