கசப்பு வேர் குடித்த நாள்

களி கிண்டுவதை அச்சிரோ போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டியதும் கையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது.

லங்கோயாவைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. சொல்கிறேன். மறைப்பதற்கும் அலுப்பாக இருக்கிறது.

காட்டிலிருந்த கிளர்ச்சிக்காரர்கள் பள்ளியிலிருந்து பிடித்துப் போனபோது அவன் சிறுவன். துப்பாக்கியோடு வந்து சரணடைந்தபோது மீசை முளைத்திருந்தது. கிட்கும் நகரத்துக்குப் போகும் சாலையில் மரவள்ளிக் கூடையோடு வந்த பெண்ணை வெட்டியது தான்தான் என்று படைமுகாமில் அவனே சொன்னான். யாரும் அடித்துக் கேட்கவில்லை. அந்தப் பெண் என் மனைவி அச்சிரோ.

அவன் அம்மா லாலாம் என் முற்றத்துக்கு வெளியிலேயே மண்டியிட்டாள்.

"வாத்தியாரே, அவனைத் தூக்கிட்டுப் போனப்பவும் நான்தான் அழுதேன். திரும்பி வந்தும் நான்தான் அழணுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மன்னிச்சு விட்டுருவாங்க."

சொன்னேன். முகாமுக்கு நடையாய் நடந்தேன். பள்ளிப் பிள்ளையின் கையில் கத்தியைத் திணித்தது யார் என்று அதிகாரிகளிடம் கேட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இன்றும் அதையே சொல்வேன்.

என் சித்தப்பா ஒடூருக்குத்தான் பொறுக்கவில்லை. "பொண்டாட்டிய வெட்டுனவனுக்கு வக்காலத்தாடா? காலேஜுக்குப் போனா ரத்தம் தண்ணியாயிருமா?"

"அவன் உள்ள இருந்தா நமக்கென்ன ஆகப்போகுது, சித்தப்பா?" என்றேன்.

விட்டார்கள். காட்டிலிருந்து திரும்பியவர்கள் செய்யும் வழக்கப்படி, தன் வீட்டு வாசலில் வைத்த முட்டையை மிதித்து உடைத்துவிட்டு அவன் உள்ளே போனான். கொஞ்ச நாளில், நான் கூப்பிடாமலேயே என் கூரைக்குப் புல் வேய வந்தான். நல்ல வேலைக்காரன். வெயில் ஏறியதும் சுரைக்குடுவையில் தண்ணீர் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாண்ணே. ரெண்டு வீடும் சேர்ந்து இன்னும் வேர் குடிக்கல. இப்ப உங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சா செத்துருவேன்னு அம்மா சொல்லுது."

கொன்றவன் வீடும் இறந்தவள் வீடும் கசப்பு வேரைக் கரைத்துக் குடிக்கும்வரை ஒன்றாக உண்ணக் கூடாது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அடுத்தவர் நம்பிக்கையை மதிப்பேன். அந்தத் தண்ணீரைக் கொல்லையில் குழி தோண்டி ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளினேன். கோழிகள் குடித்துவிடக் கூடாதே.

அதன் பிறகு பெரியவர்களைச் சடங்குக்கு அவசரப்படுத்தியது நான்தான். கண்ணீர்விட்டு என்னைப் பாராட்டினார்கள்.

இருவரும் எதிரெதிரே மண்டியிட்டோம். கைகள் முதுகுக்குப் பின்னால். ஒரே குடுவையில் குனிந்து குடித்தபோது நெற்றிகள் முட்டிக்கொண்டன. அவனுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. "மன்னித்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். லாலாம் குலவையிட்டாள். சித்தப்பா ஒடூர்கூட அழுதார்.

மறுநாள்வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே அவனை வீட்டுக்கு அழைத்து, களியும் எள்ளு அரைத்துவிட்ட கீரையும் வைத்தேன். என் எதிரில் காலை மடித்து உட்கார்ந்தான்.

"உங்க களி எங்கம்மா களிய விட மேலுண்ணே. அதுகிட்ட சொல்லிராதீங்க." கொஞ்ச நேரம் கழித்து முகத்தைச் சுளித்தான். "வேரோட கசப்பு இன்னும் நாக்க விட்டுப் போகல. எல்லாமே கசக்குது."

"போகப் போகச் சரியாயிரும்" என்றேன்.

"நீங்க சாப்பிடலையா?"

"பசியில்ல."

கலத்தை வழித்துச் சாப்பிட்டான். கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

எலி மருந்தை எப்போது வாங்கினேன் என்று கேட்டீர்கள். அவனை விடச் சொல்லி முதன்முதலாக முகாமுக்குப் போய்த் திரும்பினேனே, அந்த வழியில், சந்தையில்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மன்னிக்காமல் நான் அவனுக்குச் சாப்பாடு போடவில்லை.