ஒரு பிள்ளையும் போகக் கூடாது

சாயங்காலம் நாலு மணி. பிப்ரவரி மாசம். நம்ம பூத் நுவார் ஊருக்குப் போற பாதை... பாதைன்னு நாமதான் சொல்லிக்கணும். எட்டு மைலுக்கும் பனிதான், ஒரு மரம் இல்ல, ஒரு வீட்டுப் புகை இல்ல. ஆறு நாய் பூட்டின சறுக்கு வண்டி ஒண்ணு போய்க்கிட்டிருந்துச்சு. ஓட்டினவன் மொயீஸ். நம்ம பத்தீஸ்து இருக்கானே, அவனோட மாமனார். பொய்யே பேசாத மனுஷன். பேசுற அளவுக்கு மூளையும் கிடையாது. விறகை உள்ள தள்ளு பாஸில், கதவையே பாத்துக்கிட்டிருந்தா அடுப்பு எரியுமா?

வண்டிக்குள்ள காட்டெருமைத் தோலைப் போத்திக்கிட்டு இருந்தவர் ஆயர் கோஃப்லர். இந்தச் சீமைக்கு வந்த முதல் ஆயர். டிரோல் மலையில பொறந்து, கப்பலேறி வந்தவர். மறைமாவட்டம்னு அவர் கையில குடுத்தது கண்ணுக்கெட்டாத புல்வெளியும் ஒன்பது சாமியாரும். அவ்வளவுதான். சேந்தாப்ல ஒரு நாழி வண்டியில உக்கார மாட்டார். இறங்கி நடப்பார். ஊர்ல இருந்து கொண்டாந்த பூட்ஸ், அடியில பூரா ஆணி. நாமெல்லாம் மான்தோல் செருப்புல சத்தமில்லாம நடக்குற ஜனம். அவர் வந்தா மட்டும் கரக்... கரக்... னு தூரத்துலயே கேக்கும்.

நல்ல மனுஷன்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனா நம்ம பாஷை அவர் நாக்குல நிக்கவே இல்ல. அதுலயும் இந்த 'வா'வும் 'போ'வும் இருக்கே... மாறிப் போயிரும். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பாத்து "போங்க, போங்க"ன்னு சிரிப்பார். சாப்பாட்டுல வாய் வைக்கிற நாயைப் பாத்து "வா, வா"ன்னு கம்பைத் தூக்குவார். நாய் மடியில ஏறும். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். மொயீஸும் சிரிச்சவன்தான்.

அன்னைக்கு அவன் சிரிக்கல.

ஏன்னா, செப்டம்பர்ல ஆயர் ஒரு கடிதாசி எழுதியிருந்தார். அக்டோபர்ல பிள்ளைங்களுக்கு நெத்தியில தைலம் பூசி உறுதிபூசுதல் குடுக்க வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஒரு பிள்ளையும் போகக் கூடாதுன்னு. கோயில்ல நின்னு அதைப் படிச்சுக் காட்டினது மொயீஸ். பனி விழுறதுக்கு முன்னாடியே காட்டெருமை பின்னால கிளம்பி, மேற்கே மரம் இருக்குற பள்ளத்தாக்குல குளிர்காலத்தைக் கழிக்கிற ஜனம் நாம. பெரிய சாமி சொல்லிட்டாரேன்னு பதினாலு குடும்பம் அப்படியே உக்காந்திருச்சு. அக்டோபர்ல அவர் வரல. எங்கயோ ஒரு கோயிலுக்கு அடிக்கல், இன்னொரு ஊர்ல பஞ்சாயத்து... நவம்பர்ல காய்ச்சல் வந்துச்சு. விறகு இல்ல, இறைச்சி இல்ல. மொயீஸோட அக்கா ஃபிலோமெனுக்கு ஒரே மகன், நோர்பேர், பதினோரு வயசு. போய்ச் சேந்தான்.

போய்ச் சேந்தான்னு சொல்றேன்... பொறு, வர்றேன்.

தரை இரும்பா இறுகிக் கிடந்துச்சு. குழி வெட்ட முடியல. பெட்டியைக் கோயிலுக்குப் பின்னாடி கொட்டகையில, நாய்க்கு எட்டாத உயரத்துல ஏத்தி வச்சாங்க. பனி இளகினதும் புதைக்கலாம்னு.

ஆயர் வந்து சேந்த மறுநாள் காலையில பூசை. ஜன்னலுக்குக் கண்ணாடி ஏது, தோல்தான். உள்ள மஞ்சளா ஒரு வெளிச்சம். பிள்ளைங்க வரிசையா முழங்கால் போட்டிருந்தாங்க. பட்டியல்ல பத்தொன்பது பேர். ஒரு பேரை மொயீஸே அடிச்சிருந்தான், மிச்சம் பதினெட்டு. ஆயர் ஒவ்வொரு நெத்தியிலயும் கட்டை விரலால தைலம் பூசி, கன்னத்துல லேசா ஒரு தட்டு தட்டுவார். மொயீஸ் தைலச் சிமிழைப் பிடிச்சுக்கிட்டு பேர் சொல்லிக்கிட்டே வந்தான். பதினாறு... பதினேழு... பதினெட்டு. முடிஞ்சுது.

ஆயர் இன்னும் ஒரு எட்டு எடுத்து வச்சார்.

"பேர்?"

மொயீஸ் பட்டியலைப் பாத்தான், மிச்சம் அந்த அடிச்ச பேர் ஒண்ணுதான். முதல்ல வாசனைதான் வந்துச்சாம்... அறுத்த ஊசியிலை மரத்தோட பச்சை வாசனை. வரிசைக் கடைசியில இன்னொரு பிள்ளை, முடியில மரத்தூள். கால்ல நீலமணி கோத்த புதுச் செருப்பு. பூசுதலுக்குப் போட்டுக்கன்னு அக்கா தைச்சது. அதைப் போட்டுத்தான் பெட்டியில வச்சாங்க.

பின்னால இருந்து ஃபிலோமென் பேசினா. சத்தம் போடல.

"நீங்கதான எழுதுனீங்க சாமி, நீங்க வர்ற வரைக்கும் ஒரு பிள்ளையும் போகக் கூடாதுன்னு. அவன் பெரியவங்க சொன்னாக் கேக்குற பிள்ளை. எழுபது ராத்திரி நான் போகச் சொல்லிப் பாத்துட்டேன். கதவுகிட்டயே நிக்கிறான். உங்க வாயால சொன்னாத்தான் போவான்."

ஆயர் மூஞ்சியில ரத்தமே இல்ல. ஆனாலும் பின்வாங்கல, அதுக்காக அவரை மெச்சணும். தைலம் பூசினார். கன்னத்துல தட்டினார். பலகையில தட்டின மாதிரி கேட்டுச்சாம். மொயீஸ் அவர் காதுல மெல்லச் சொன்னான்: "போன்னு சொல்லுங்க சாமி. போ. மாத்திராதீங்க."

ஆயர் தலையை ஆட்டினார். அப்புறம் அன்பா, தெளிவா, கோயிலுக்கே கேக்குற மாதிரி சொன்னார்...

"வா, மகனே."

யாரும் சிரிக்கல. வரிசையில இப்போ பதினெட்டுப் பேர்தான் இருந்தாங்க. ஃபிலோமென் அப்படியே தரையில உக்காந்துட்டா.

அன்னையில இருந்து ஒன்பது வருஷம், ஆயர் ஒரு படுக்கையில ரெண்டு ராத்திரி தூங்கல. என்ன உழைப்பு, என்ன பக்தின்னு ஊரே புகழ்ந்துச்சு. வண்டி ஓட்டினவனுக்குத்தான் தெரியும். பனியில ஆணி பூட்ஸ் தடம்... அதுக்குப் பின்னாடியே, ஒவ்வொரு தடத்துக்கும் நடுவுல, சின்னதா ஒரு செருப்புத் தடம்.

மொயீஸ் ஒரு நாள் பொறுக்க மாட்டாமக் கேட்டான்: "இப்பவாச்சும் சரியாச் சொல்லித் தொலைக்கக் கூடாதா சாமி?"

"தினம் சொல்றேன். சரியாத்தான் சொல்றேன். 'போ'ன்னா சிரிச்சுக்கிட்டு கிட்ட வர்றான். நான் எப்பவும் மாத்திச் சொல்றவன்தானே?"

பிள்ளைங்களே அப்படித்தான், தனக்குச் சாதகமா எதுவோ அதைத்தான் காதுல வாங்கும்.

ஆயர் ஏப்ரல்ல செத்தார். அடுத்த குளிர்காலம், அதே பாதை, அதே நாலு மணி. மொயீஸ் தனியா வந்துக்கிட்டிருந்தான். நாய்ங்க நின்னுருச்சு. அடிச்சுப் பாத்தான், நகரல. இறங்கிப் பாத்தா ரெண்டு தடம் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகுது. சின்னது முன்னாடி. ஆணி பூட்ஸ் பின்னாடி.

தடம் நேரா அக்கா வீட்டு வாசல்ல போய் முடிஞ்சுது. கதவைத் தள்ளினான். உள்ள தைல வாசனை. மேசையில மூணு கோப்பைத் தேநீர், மூணுலயும் ஆவி பறக்குது. ஒண்ணு தனக்குன்னு நினைச்சுக் கையை நீட்டினான்.

"அதைத் தொடாதடா. உனக்கு வேற ஊத்தறேன்"ன்னா ஃபிலோமென். அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதியை அவன் பத்து வருஷமாப் பாத்ததில்ல.

"யாரு வந்திருக்கா அக்கா?"

"என் பிள்ளை கூட்டிட்டு வந்திருக்கான். நானும் சொல்லிட்டேன், நான் சொல்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு ஒருத்தரும் போகக் கூடாதுன்னு."

அவ்வளவுதான். ஃபிலோமென் செத்து ஆறு வருஷம் ஆகுது. தூக்கத்துலயே போயிட்டா, யாரையும் போகச் சொல்லாமலே. அப்புறம் அந்த வீட்டை மொயீஸ் நம்ம பத்தீஸ்துக்குக் குடுத்தான். பத்தீஸ்து அடுப்பை மாத்தினான், கூரையை மாத்தினான். தரையை மாத்தல.

எந்த வீடா? பாஸில், கொஞ்சம் நகந்து உக்காரு. நீ உக்காந்திருக்குற தரைப் பலகையைக் கையால தடவிப் பாரு... ஆணிக் குத்து தட்டுப்படும்.