படைப்பதற்கு முன் எடுத்த கூழ்

ஆடி ஞாயிறு. திருப்புலிவனத்தில் டவுன் பஸ் ஏறிய மஞ்சள் புடவைக்காரி, எனக்கு முன் சீட்டில் மடியில் பைபிளோடு இருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தூக்குவாளியை நீட்டினாள்.

"சர்ச்சு வுட்டு இந்த பஸ்ஸுலதான் வருவேன்னு தெரியும். இந்தா, கூழு."

"வேணாக்கா. சாமிக்குப் படைச்சத நான் குடிக்க மாட்டேன்னு தெரியும்ல? மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

"போன வருசம் வெச்சிக்கினுதான் இருந்தேன். அப்புறம் எம் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தப்போ, கூழு வேணான்னு சொன்ன நீதான் ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடந்த. அதான் இந்தத் தபா அம்மனுக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே உனக்கு எடுத்து வெச்சிட்டேன்."

கூழ் ஊற்றும் வீட்டில் படைக்கும் முன் ஒரு சொட்டுகூட யாரும் எடுக்கமாட்டார்கள். பைபிள்காரிக்கும் அது தெரிந்திருக்கிறது.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? உங்க அம்மன் கோவிச்சிக்காதா?"

"கோவிச்சிக்கினா, எனக்கோசரம் உன் சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

பைபிள்காரி வாளியை வாங்கி மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். ஜெபம் நீண்டுகொண்டே போனது. மஞ்சள் புடவைக்காரி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"போதும்டி, குடி. அவளுக்கு அவ்ளோ கோவமெல்லாம் வராது."