மலையில் பார்க்காத இடம்

“ஆறு நாள் கம்பெனியில மெஷின மிதிக்கிறேன். ஒரு நாள் லீவு போட்டு வந்தா, இங்க ஏரியில பெடல் போட்ட மிதிக்க வெச்சிட்டாளே உன் பொண்ணு!”

ஏலகிரியிலிருந்து இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மா கணவரிடம் சொன்னார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருவருக்கும் வேலை. மலைமேல் காலேஜில் சேர்த்த மகளை முதல் தடவையாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அம்மாவின் மடியில் ஒரு டப்பா நிறைய முறுக்கு.

“ஏரி, பார்க்கு, கண்ணாடி வெச்ச ஓட்டல்ல நூடுல்ஸு. நமக்கு இன்னா கொற?”

“ஒரு கொறயும் இல்லய்யா. முள்ளுக்கரண்டியில நீ சாப்ட்டத ஓட்டலே பாத்துது. காலேஜ மட்டும் தான் நாம பாக்கல.”

“மூடியிருக்கும்.”

“புதன்கிழமையிலயா? பஸ்ல வரும்போதே காலேஜ் கேட்டாண்ட அத்தினி பசங்க நின்னுனு இருந்தாங்களே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா மடியிலிருந்த டப்பாவைத் தட்டினார்.

“அவ ஹாஸ்டல் ரூம் பொண்ணுங்களுக்குனு சுட்ட முறுக்கு. அவ கையில கூட வாங்கல.”

“அடுத்த தடவ அருவிக்குக் கூட்டினு போறேன்னு சொல்லியிருக்கா.”

அந்த அம்மா டப்பாவைத் திறந்து அவருக்கு ஒன்று கொடுத்தார். தானும் ஒன்றைக் கடித்தார்.

“போலாம், போலாம். மூணு வருசப் படிப்பு. மலையில இருக்கிறதே நாலு எடம். அதெல்லாம் தீந்துட்டா, காலேஜ காட்டித்தான ஆவணும்?”