லாக்லன் பக்கத்துச் சுவர்

ஒரே ஒரு பாய்லரை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் இரண்டு வீடுகளைச் சூடாக்கியவன் நான். அதில் ஒரு வீடு மட்டும்தான் என்னுடையது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவியின் தங்கை ரோனா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். "மர்டோ அத்தான், போன தடவை நீங்க பிடிச்ச மீனு படகை விடப் பெருசு. இந்தத் தடவை பாய்லரா?" என்பாள். மீன் விஷயத்தில் ஒரு முழம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், மறுக்கவில்லை. இதில் கூட்டுவதற்கு இடமே இல்லை.

ஸ்காட்லாந்தின் வடகோடியில், விக் துறைமுகத்தைப் பார்த்தபடி எங்கள் மூன்று சின்ன வீடுகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு கோடியில் நான். நடுவீட்டில் லாக்லன். மறுகோடியில் ஒரு நர்ஸ் அம்மா. வீட்டை எந்நேரமும் அடுப்படி போல வைத்திருப்பாள். மூன்றிலும் ஒரே மாதிரி மின்சார ஹீட்டிங்தான். அலமாரிக்குள் பாய்லர், அறைக்கு ஒரு ரேடியேட்டர், நடைச் சுவரில் ஒரு வட்டக் குமிழ். குமிழை ஒரு சுற்று திருகினால் வீடு கதகதப்பாகும், மாதக் கடைசியில் வரும் பில்லைப் பார்த்து வயிறும் கதகதப்பாகும். போடாமலும் இருக்க முடியாது. எங்கள் ஊர்க் காற்று ஆட்டின் முதுகில் இருக்கும் ரோமத்தை உரித்துக்கொண்டு போய் நார்வேயில் விற்றுவிட்டு வரும்.

ஆனாலும் எங்கள் ஊரில் முதலில் ஹீட்டிங் போடுகிறவன் தோற்றவன். செப்டம்பரில் போட்டால் தெற்கத்தியான் என்பார்கள். அக்டோபரில் போட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். இலையுதிர்காலம் வந்துவிட்டால் பௌலிங் கிளப்பில் வணக்கம் கிடையாது. "போட்டாச்சா?" என்பதுதான் வணக்கம்.

லாக்லன் இந்தப் பந்தயத்தின் சக்கரவர்த்தி. அவன் வருடக்கணக்காகக் குமிழைத் தொட்டதே இல்லை. அதன் குறுக்கே கறுப்பு டேப் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் பேரன் படத்தைக் காட்டுவது போலக் காட்டுவான். "குளிரெல்லாம் ரத்தம் சுண்டினவனுக்குத்தான்டா. நமக்கென்ன?" என்று மார்பைத் தட்டிக்கொள்வான்.

அவன் ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நடுவீட்டுக்காரன் அவன். ஒரு பக்கம் நர்ஸ் அம்மாவின் சூடு, மறுபக்கம் என் சூடு, இரண்டும் செங்கல் வழியாக ஊறி அவன் முதுகுக்குப் போய்க்கொண்டிருந்தன. நாற்காலியை என் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தான். அவன் பூனை அதே சுவரடியில் ரொட்டி மாவு போல உப்பிக் கிடக்கும். ஒரு ஜனவரியில் அந்தச் சுவரோரம் தக்காளி வளர்த்து, பழுத்ததில் நாலைந்தை எனக்கே கொண்டுவந்து கொடுத்தான். என் மின்சாரத்தில் பழுத்த தக்காளியை நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். தக்காளி ருசியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் மீன் குளிர்கிடங்கில் மேஸ்திரி. சூடு எந்த வழியாக ஓடிப்போகும், குளிர் ஒரு மனிதனை எந்த வரிசையில் தின்னும் என்பதெல்லாம் எனக்கு உள்ளங்கை ரேகை. அதனால்தான் நர்ஸ் அம்மா இன்வர்னஸுக்கு மாற்றலாகி, அந்தக் கோடி வீடு பூட்டிக் கிடந்தபோது, என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு உடனே புரிந்தது. இனி லாக்லன் இரண்டு மார்பிலும் குடித்ததை ஒரே மார்பில் குடிப்பான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மனைவி ஈஷ்பெலுக்கு நெஞ்சில் சளி கட்டியது.

"மர்டோ, இந்த வாரம் மட்டும் கொஞ்சம் கூட்டி வையேன். மூச்சு விட்டா புகையாப் போகுது, பாரு" என்றாள்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நாம் கூட்டுகிற சூட்டில் பாதி லாக்லன் வீட்டுக்குப் போகும். அவன் அதில் முதுகைக் காய்ச்சிக்கொண்டு நம்மையே கிளப்பில் கிண்டல் செய்வான். இது சரியா என்று கேட்டேன்.

"அவனுக்குப் பாதி போனா போகட்டுமே. மிச்சப் பாதி எனக்குக் கிடைக்கும்ல" என்றாள்.

ஈஷ்பெல் நல்லவள். ஆனால் ஒரு விஷயத்தின் நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியாது. பணத்துக்காக நான் குமிழைத் திருகாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது, வங்கியிலும் கொஞ்சம் கிடந்தது. சேரவேண்டாத இடத்துக்கு ஒரு சொட்டுச் சூடுகூடச் சேரக் கூடாது, அவ்வளவுதான். அவளுக்கு இரண்டாவது கோட்டை நானே போட்டுவிட்டேன். படுக்கையில் தொப்பி. வெந்நீர்ப் பையைக்கூட என் கையால்தான் நிரப்பினேன்.

லாக்லனிடமும் போனேன். கிளப்பில், நாலு பேர் இருக்கும்போதுதான் கேட்க நேர்ந்தது.

"ஈஷ்பெலுக்கு நெஞ்சு சரியில்ல லாக்லன். உன் பக்கம் கொஞ்சம் போட்டு வையேன். சுவரு சூட்டைக் குடிச்சுக்கிட்டே இருக்கு."

"அட, உன் பொண்டாட்டி இருமுறதுக்கு நான் பில் கட்டணுமா?" என்றான். "உன் வீட்லயும் குமிழ் இருக்குல்ல. போய்த் திருகுய்யா. கையில என்ன வாதமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அப்படியே மடித்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஈஷ்பெல் போய்விட்டாள். நிமோனியா என்று டாக்டர் எழுதினார். டாக்டர்கள் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. அவளை யார் கொன்றது என்று எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த லாக்லன், என் ரேடியேட்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மூன்று ஆள் சாப்பாட்டைத் தின்றான். "தெம்பான பொம்பளையாச்சே" என்றான், வாய் நிறைய ரொட்டியோடு.

கோடையில் பழைய குளிர்கிடங்கை இடித்தார்கள். அதன் தெர்மோகோல் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்தேன். ஒவ்வொன்றும் சாண் கனம். லாக்லன் பக்கத்துச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை பதித்து, இடுக்கெல்லாம் பசை அடைத்து, மேலே பூப்போட்ட காகிதம் ஒட்டினேன். இனி என் பக்கம் எரிமலை வெடித்தாலும் அவன் பக்கம் வெண்ணெய் உருகாது. பலகை தூக்கும்போது லாக்லனே ஒரு முனையைப் பிடித்தான். "வீட்டை அழகு பண்றியா? நல்லதுதான்யா, மனசுக்கும் ஆறுதலா இருக்கும்" என்றான். அவன் கையில் அதைக் கொடுத்துத் தூக்க வைத்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது.

பலகை பாதி வேலைதான். குளிர்ந்தால் எவனும் குமிழைத் திருகிவிடுவானே. அதனால் இலையுதிர்காலம் தொடங்கியதும் கிளப்பில் எழுந்து நின்று, லாக்லனுக்கு வயசாகிவிட்டது, புத்தாண்டுக்கு முன்னால் போட்டுவிடுவான் என்று அறிவித்தேன்.

"நானா? போட்டா என் பேரை மாத்திக்கிறேன்" என்றான்.

அந்த நிமிடமே ஊர் இரண்டாகப் பிரிந்தது. மீன்காரன் முதல் பாதிரியார் வரை லாக்லனைப் பார்த்தால் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். இனி அவனுக்குக் குமிழைத் திருகுவதும் சந்தையில் கால்சட்டையைக் கழற்றுவதும் ஒன்று. டேப்பை ஒட்டியது அவன்தான். அது கழன்றுவிடாமல் பார்த்துக்கொண்டது மட்டுமே என் வேலை.

டிசம்பரில் கடல் விளிம்பே வெள்ளையாக உறைந்தது. தினமும் காலையில் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "போட்டாச்சா லாக்லன்?" என்பேன்.

"எதுக்கு? வேர்க்குதுய்யா" என்பான், நீலமான உதட்டோடு.

பூனை என்னிடம் வந்துவிட்டது. பூனைக்கு மானம் கிடையாது, அதனால் பிழைத்தது.

பிறகு ஒரு நாள் பிற்பகல், வெளிச்சம் மங்குகிற நேரம், கையில் ஒரு காலிக் கோப்பையோடு என் வாசலில் வந்து நின்றான். சர்க்கரை வேண்டுமாம். லாக்லன் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை.

"உன் சுவரு ஏன் இப்படி இருக்கு மர்டோ? ஐஸ் மாதிரி இருக்கு" என்றான். நாக்கு தடித்துப் போய்ச் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

"நானும் இந்த வருஷம் போடல. உன்னைப் பார்த்துதான் கத்துக்கிட்டேன்" என்றேன். எனக்குப் பின்னால் கதவிடுக்கு வழியாக அறை தகதகத்தது. கதவை உடம்பால் அடைத்துக்கொண்டேன்.

அவன் ஸ்வெட்டர் பொத்தான்கள் வரிசை மாறிக் கிடந்தன. நடுக்கம் இல்லை. நேற்று வரை கிடுகிடுவென்று நடுங்கியவனிடம் இன்று நடுக்கமே இல்லை. கிடங்கில் ஒருவனுக்கு நடுக்கம் நின்றுவிட்டால், கையில் இருக்கிற மீனை அப்படியே போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் நான் முதல் நாளே கற்றுக்கொடுக்கிற பாடம் அது.

"சும்மா... உட்கார்ந்து பேசலாமான்னு..." என்றான்.

"ரொம்பக் குளிருதுன்னா போய்ப் போட்டுக்க லாக்லன்" என்றேன் அன்பாக. "கிளப்ல மூச்சு விட மாட்டேன். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பல நாளாகப் பதப்படுத்தி வைத்திருந்தேன். அவன் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

"எனக்கா? குளிரா?"

கோப்பை நிறையச் சர்க்கரை கொடுத்தேன். கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பாதியை வழியெல்லாம் சிந்திக்கொண்டு, அவன் தன் வீட்டுக்குப் போனான். சூடு வெளியே போகுமே என்று நான் கதவைச் சாத்தினேன்.

தபால்காரன்தான் கண்டுபிடித்தான். நாற்காலி அதே சுவரோடு ஒட்டியிருந்ததாம். குமிழின் மேல் டேப் ஒட்டியபடியே இருந்ததாம். கிளப்பில் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். "கடைசி வரைக்கும் போடலய்யா" என்று பெருமையோடு சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரப் பெண் விசாரிக்க வந்தபோது ஒன்றுவிடாமல் சொன்னேன். இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க யாரால் முடியும். அவள் என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கேட்டாள். "உங்க வீட்டுக்குள்ள நீங்க பலகை ஒட்டினா அது குத்தமா தாத்தா? தனியா இருக்கீங்க, அதான் என்னென்னமோ தோணுது" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மிச்சம் ரோனாதான். ஞாயிற்றுக்கிழமை சூப் கொண்டுவந்திருந்தாள். அவளிடமும் சொன்னேன்.

"ஆரம்பிச்சுட்டீங்களா. சுவரு எங்கயாச்சும் ஆளைக் கொல்லுமா அத்தான்? குமிழத் திருகாம இருந்தா ஒருத்தன் செத்துருவானா?" என்று சிரித்தாள்.

பூப்போட்ட காகிதத்தைக் கிழித்துப் பலகையைக் காட்டினேன். அப்போதும் தலையை ஆட்டிச் சிரித்தாள். சரி, சூட்டை எப்படி ஆள்வது என்று காட்டுகிறேன் வா என்று நடைக்கு அழைத்துப் போனேன். அங்கே தொங்கிய கோட்டுகளை விலக்கினேன், என் குமிழின் மேல் கண்ணாடிப் பெட்டியும் சின்னப் பூட்டும் இருந்தன. ரோனாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எப்போ போட்டது?"

"போன ஜனவரியில. உங்க அக்கா நான் கடைக்குப் போற நேரம் பார்த்து அதைத் திருகிக்கிட்டே இருந்தா. கிடங்குலயும் இப்படித்தான், கண்டவங்க கை வைக்கக் கூடாதுன்னு பூட்டி வைப்போம். சாவி எங்கிட்டதான்."

அவள் அந்தப் பூட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"போன்ல சொன்னா. குமிழப் பூட்டிட்டாருடின்னு. காய்ச்சல்ல பிதற்றுறான்னு நினைச்சேன்" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நம்புறேன் அத்தான். குமிழ வச்சே ஒரு உசிரைக் கொல்லலாம். நடந்திருக்கு" என்றாள்.

ஒருவழியாக ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் லாக்லனுக்காக அவள் ஏன் அவ்வளவு அழுதாள் என்பதுதான் விளங்கவில்லை. அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசியதுகூடக் கிடையாது.